இடது மார்பு, இரண்டு பிளான்: விலை கூடியதுதான் நல்லதா?

பிறைக்கரை
திங்கள், இரவு 10:40

எல்லோருக்கும் வணக்கம். அம்மாவுக்கு வயது 58. இடது மார்பில் 1.6 செ.மீ. புற்றுக்கட்டி. போன மாதம் கட்டியையும் சுற்றிக் கொஞ்சம் சதையையும் மட்டும் எடுத்துவிட்டு மார்பை அப்படியே விட்டுவிட்டார்கள். அக்குளில் எடுத்துப் பார்த்த இரண்டு நெறிக்கட்டியும் சுத்தம். கெமோ வேண்டாம், மாத்திரை போதும், ஆனால் ரேடியோதெரபி (கதிர் சிகிச்சை) கட்டாயம் என்கிறார் டாக்டர்.

இப்போதுதான் தலைவலி. பினாங்குத் தீவில் இரண்டு இடத்தில் விசாரித்தோம். ஒரு இடத்தில் ‘டாஞ்சென்ட், ஃபீல்டு-இன்-ஃபீல்டு, 15 நாள்’ என்கிறார்கள். இன்னொரு இடத்தில் ‘விமேட், இதுதான் லேட்டஸ்ட், இதயத்தைக் காப்பாற்றும்’ என்கிறார்கள். அதுவும் 15 நாள்தான், ஆனால் ஒன்பதாயிரம் வெள்ளி (ரிங்கிட்) கூடுதல். அண்ணன் சிங்கப்பூரிலிருந்து போன் போட்டு, “அம்மா விஷயத்தில் கணக்கு பார்க்காதே, விலை கூடியதையே எடு” என்கிறார். நேற்று ஃபெர்ரியில் வரும்போது அம்மா மெதுவாகக் கேட்டார்: “இடது பக்கம் கரண்ட் வைத்தால் இதயம் வெந்து போகாதா?” எனக்குப் பதில் தெரியவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கடல்பாலம்
திங்கள், இரவு 11:15

தம்பி, எனக்கு நான்கு வருடத்துக்கு முன் வலது பக்கம். அம்மாவிடம் முதலில் சொல்லுங்கள், வேகாது, சுடாது, படுத்திருக்கும்போது ஒன்றுமே தெரியாது. ‘கரண்ட்’ என்ற பேர்தான் கெட்ட பேர். என்னோடு காத்திருந்த சீன ஆன்ட்டியும் அவர் மொழியில் மின்சார சிகிச்சை என்றுதான் சொல்வார். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பயமுறுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்!

கஷ்டம் எனக்கு வேறு இடத்தில் வந்தது. மார்பு கொஞ்சம் பெரிது. கடைசி வாரத்தில் மார்புக்கு அடியில், மடிப்பில், தோல் உரிந்து ஈரமாகிவிட்டது. வீட்டில் பழைய பருத்தித் துணியை மடித்து வைத்துக்கொண்டு ஃபேனுக்கு நேரே உட்கார்ந்திருப்பேன். பத்துப் பதினைந்து நாளில் ஆறிவிட்டது. எனக்கு என்ன பிளான் போட்டார்கள் என்று கேட்கக்கூடத் தெரியவில்லை அப்போது. நீங்கள் கேட்கிறீர்களே, அதுவே நல்லது.

டோஸ்கணக்கு
செவ்வாய், காலை 7:05

பிறைக்கரை தம்பி, நான் கோலாலம்பூரில், கதிர் எந்தத் திசையில், எவ்வளவு என்று இந்தப் பிளான் போடும் வேலையில் இருக்கிறேன், பதினாறு வருடம். டாக்டர் இல்லை, பிசிசிஸ்ட். எந்த முறையையும் விற்க வேண்டிய அவசியம் எனக்கு இல்லை. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

மாங்காயின் கன்னத்தைச் சீவும்போது பார்த்திருப்பீர்கள். கத்தி கொட்டையை உரசிக்கொண்டு போகும், கொட்டைக்குள் இறங்காது. டாஞ்சென்ட் முறை அதேதான். மார்புதான் கன்னம், நெஞ்சுக்கூடு கொட்டை. நடுநெஞ்சுப் பக்கமிருந்து ஒரு கதிர்க் கற்றை, அக்குள் பக்கமிருந்து எதிர்க் கற்றை. இரண்டும் விலாவை உரசிக்கொண்டு ஓடி, மறுபக்கம் காற்றில் வெளியேறிவிடும். ஆனால் விலா வளைவு, கற்றை நேர்க்கோடு. அதனால் நுரையீரலில் ஒரு கீற்று உள்ளே மாட்டும். இடது பக்கமென்றால் இதயத்தின் முன்விளிம்பிலும் ஒரு கீற்று. இதயத்தின் முன்பக்கமாக இறங்கும் முக்கிய ரத்தக்குழாய் அந்த விளிம்பில்தான் ஓடுகிறது. அம்மாவின் கேள்வி சும்மா கேள்வி இல்லை.

அடுத்து, ஃபீல்டு-இன்-ஃபீல்டு. மார்பு அடியில் தடிமன், காம்புப் பக்கம் மெல்லிசு. ஒரே மாதிரிக் கற்றையை விட்டால் மெல்லிய இடத்தில் டோஸ், அதாவது கதிரின் அளவு, ஏறிவிடும். அந்தக் காலத்தில் கற்றையின் குறுக்கே வெட்ஜ் என்று ஒரு உலோக ஆப்பு வைத்துச் சமாளித்தார்கள். ஆப்பு ஒரு திசையில்தான் சரிசெய்யும், மார்போ மேலிருந்து கீழும் வளைந்தது. அக்காவுக்குப் புண்ணான அடிமடிப்பு மாதிரி இடங்களில்தான் டோஸ் சேரும்.

இப்போது நாங்கள் செய்வது: சொன்ன டோஸில் 107 சதவீதத்தைத் தாண்டிய இடமெல்லாம் திரையில் சிவப்பு மேகம் மாதிரித் தெரியும். கருவித் தலையில் இருக்கும் இலைத்தகடுகளை ஒவ்வொன்றாக நகர்த்தி அந்த மேகத்தை மூடுவேன். மூடிய நிலையில் கற்றையின் ஒரு சிறு பங்கைக் கொடுத்தால் மேகம் சுருங்கும். மிச்சமிருக்கும் மேகத்துக்கு மறுபடி ஒரு மூடல். மூன்று நான்கு தடவையில் மேகம் கலைந்துவிடும். கற்றையின் திசை மட்டும் மாறவே இல்லை, அதே சீவல்தான்.

விமேட் வேறு ஜாதி. கருவி வளைவாகச் சுற்றிக்கொண்டே கதிரை விடும், இலைகளும் கூடவே ஓடிக்கொண்டிருக்கும். டோஸ் மார்பின் வடிவத்தை அப்படியே தழுவும், அச்சடித்துப் பார்த்தால் அழகோ அழகு. ஆனால் பல திசையில் நுழையும் கதிர் பல திசையில் வெளியேற வேண்டுமல்லவா? வலது மார்பு, வலது நுரையீரல், இதயத்தின் மீதிப் பகுதி எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் படும். டாஞ்சென்டில் ஒரு ஓரத்தில் கொட்டும் மழை, விமேட்டில் வீடு முழுக்கச் சாரல் என்று வைத்துக்கொள்ளுங்கள். நெறிக்கட்டி சுத்தம், மார்புக்கு மட்டும் கதிர் என்கிறபோது அந்தச் சாரலுக்கு அவசியம் என்ன என்பதுதான் என் கேள்வி.

செந்தூல்காரர்
செவ்வாய், காலை 9:30

டோஸ்கணக்கு சார், மன்னிக்கவும், நீங்கள் பழைய மெஷினுக்கு வக்காலத்து வாங்குவது போல இருக்கிறது. என் மனைவியின் அக்காவுக்குப் போன வருடம் விமேட்தான் கொடுத்தார்கள். டாக்டரே பிடிவாதமாக இதுதான் வேண்டும் என்றார். ஐஎம்ஆர்டி (கதிரின் அளவை இடத்துக்கு இடம் மாற்றிக் கொடுக்கும் முறை, விமேட்டும் அதில் ஒரு வகை) வந்த பிறகு தோல் புண் குறைந்தது என்று ஆய்வே இருக்கிறது, கனடாவில் செய்தது. விலை கூடியது சும்மா கூடியிருக்காது லா.

டோஸ்கணக்கு
செவ்வாய், மதியம் 1:20

இரண்டும் மெஷின் வயசு சம்பந்தப்பட்ட விஷயம் இல்லை. ஒரே மெஷினில் இரண்டும் போடலாம், நான் தினமும் போடுகிறேன்.

அண்ணியாருக்கு அக்குளில் நெறிக்கட்டி பாதிப்பு இருந்ததா? காறை எலும்புக்கு மேலேயும், நெஞ்செலும்புக்குப் பின்னால் ஓடும் நெறிக்கட்டி வரிசைக்கும் சேர்த்துக் கொடுத்தார்களா? அப்படியென்றால் அவருடைய டாக்டர் சொன்னது சரிதான். அந்த வரிசையைப் பிடிக்க டாஞ்சென்டை ஆழமாக இறக்க வேண்டும், அப்போது நுரையீரலும் இதயமும் தாராளமாக உள்ளே வந்துவிடும். நெஞ்சு குழிந்திருப்பவர்கள், இரண்டு மார்பிலும் சிகிச்சை வேண்டியவர்கள், இவர்களுக்கும் விமேட் கைகொடுக்கும். கன்னத்தைச் சீவ ஒரு கத்தி, கொட்டையைச் சுற்றி வழிக்க வேறு கத்தி.

கனடா ஆய்வு எனக்கும் தெரியும், 2008இல் வந்தது. ஈரமாக உரிவது 47.8 சதவீதத்திலிருந்து 31.2 ஆகக் குறைந்தது. நல்ல ஆய்வு. ஆனால் அதில் ஐஎம்ஆர்டி என்றது என்ன தெரியுமா? அதே இரண்டு பக்கவாட்டுக் கற்றைகள்தான், டோஸை மட்டும் சமமாக்கியது. ஒப்பிட்டது வெட்ஜோடு. இங்கிலாந்தில் 2007இல் வந்த ஆய்வும் அப்படியே: ஐந்து வருடம் கழித்துப் போட்டோவில் மார்பின் தோற்றம் மாறியவர்கள் வெட்ஜில் 58 சதவீதம், சமமாக்கியதில் 40. பிறைக்கரை தம்பிக்கு முதல் இடத்தில் சொன்ன ஃபீல்டு-இன்-ஃபீல்டு இந்தக் குடும்பம்தான். ஐஎம்ஆர்டி என்ற ஒரே பெயருக்குள் இரண்டு சரக்கு இருக்கிறது. பில்லில் பெயரைப் பார்த்து ஆய்வின் பலனைச் சேர்த்துப் படித்தால் கணக்கு தப்பிவிடும்.

செந்தூல்காரர்
செவ்வாய், மதியம் 2:45

கேட்டுவிட்டேன். ஆமாம், நான்கு நெறிக்கட்டியில் இருந்ததாம். அது எனக்குத் தெரியாது. சரி, அந்த விஷயத்தில் ஒப்புக்கொள்கிறேன். விலை விஷயத்தில் இன்னும் இல்லை.

ஷிஃப்ட்_இரண்டு
செவ்வாய், இரவு 11:50

வேலை முடிந்து இப்போதுதான் பார்த்தேன். பினாங்கில் தெரபிஸ்டாக இருக்கிறேன், நோயாளியைப் படுக்க வைத்துக் கருவியை ஓட்டுவது நாங்கள். ஒருவரும் மூச்சைப் பற்றிப் பேசவில்லையே! இடது மார்பு என்றால் நான் கேட்கும் முதல் கேள்வி டாஞ்சென்டா விமேட்டா என்பதில்லை, மூச்சைப் பிடிக்க வைக்கிறார்களா என்பதுதான்.

நன்றாக இழுத்து அடக்கினால் நுரையீரல் காற்றால் விரிந்து இதயத்தைப் பின்னும் கீழுமாகத் தள்ளிவிடும். மார்புக்கும் இதயத்துக்கும் நடுவே இடைவெளி வரும். அந்த இருபது விநாடிக்குள் கதிரைக் கொடுத்துவிட்டு, ‘விடுங்க’ என்போம். பிறகு மறுபடி. ஒரு நாளில் நான்கைந்து மூச்சுதான். சில இடங்களில் தோலின் அசைவைப் பார்க்கும் கேமரா இருக்கும். கேமரா இல்லாமலும் செய்யலாம்: தோலில் குத்திய புள்ளியும் லேசர் கோடும் மூச்சு பிடிக்கும்போது எங்கே வந்து நிற்கின்றன என்று திரையில் பார்த்துக்கொள்வோம். இங்கிலாந்தில் இந்த எளிய முறையை விலை கூடிய மூச்சுக் கருவியோடு ஒப்பிட்டுப் பார்த்து, இதயத்தைக் காப்பதில் சளைத்ததில்லை என்று சொல்லிவிட்டார்கள்.

ஒரு விஷயம் யாரும் சொல்ல மாட்டார்கள், நான் சொல்கிறேன். பாதிப் பேருக்கு மூச்சு வராதது மூச்சால் இல்லை, மொழியால். உள்ளே தனியாகப் படுத்திருக்கும்போது ஸ்பீக்கரில் ‘தாரிக் நஃபாஸ், தாஹான்’ (மூச்சை இழுங்கள், பிடியுங்கள்) என்று மலாயில் வேகமாக ஒரு குரல் வரும், சில இடத்தில் இங்கிலீஷில். நம் அம்மாமார் பதறி வயிற்றை எக்குவார்கள், தோளைத் தூக்குவார்கள். பிளானுக்கு சிடி ஸ்கேன் எடுக்கும் அன்றைக்கே தமிழில் சொல்ல ஆள் கேளுங்கள். அதுவரை வீட்டில் பழகட்டும்: மல்லாந்து படுத்து, இரண்டு கையும் தலைக்கு மேலே, நெஞ்சால் இழுத்து, அப்படியே இருபது எண்ணுவது.

ஆயர்ஈத்தாம்
புதன், காலை 8:10

இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். மாமியாருக்கு 71 வயது, சின்னக் கட்டி, மாத்திரை சாப்பிடுகிறார். அவருக்கு ரேடியோதெரபியே வேண்டாம் என்றும் சொல்லலாமாம், டாக்டர் நம்மையே முடிவு எடுக்கச் சொல்கிறார். இது உண்மையா?

டோஸ்கணக்கு
புதன், காலை 8:40

உண்மை. 65 வயதுக்கு மேல், 3 செ.மீ.க்குள், நெறிக்கட்டி சுத்தம், ஹார்மோன் மாத்திரை எடுப்பவர்கள் என்று ஒரு பெரிய ஆய்வு. பத்து வருட முடிவு 2023இல் வந்தது. கதிர் இல்லாதவர்களில் அதே மார்பில் திரும்ப வந்தது 9.5 சதவீதம், கதிர் பெற்றவர்களில் 0.9. உயிரோடு இருப்பதில் வித்தியாசம் இல்லை. அதனால்தான் டாக்டர் உங்களிடமே விடுகிறார். மாத்திரையை ஒழுங்காக விழுங்குவாரா என்பதையும் சேர்த்து யோசியுங்கள். 58 வயதுக்கு இதைப் பொருத்த வேண்டாம், தம்பி.

பிறைக்கரை
வெள்ளி, இரவு 9:25

எல்லோருக்கும் நன்றி. மூச்சைப் பற்றி எழுதிய பதிவை அண்ணனுக்கு அனுப்பினேன். இரண்டு இடத்திலும் நேரே போய், “எங்கள் அம்மாவின் சிடியில் போட்ட டோஸ் கணக்கைக் காட்டுங்கள்” என்று கேட்டேன். ஒரு இடத்தில் கவுண்டரில் இருந்த பெண், “அதெல்லாம் பேஷண்ட் கேட்க மாட்டார்களே” என்றார். டாக்டர் வந்ததும் மறுக்காமல் கொடுத்துவிட்டார்.

இரண்டுமே 40 கிரே (கதிர் அளவின் அலகு), 15 நாள். இதயத்துக்குச் சராசரி: சும்மா மூச்சு விட்டபடி டாஞ்சென்டில் 2.9 கிரே. அதையே மூச்சுப் பிடித்தால் 1.1. இன்னொரு இடத்தின் விமேட், சாதாரண மூச்சில், 4.2. வலது மார்புக்கு டாஞ்சென்டில் 0.3, விமேட்டில் 2.8. 107 சதவீதத்தைத் தாண்டிய இடம் மட்டும் விமேட்டில் அநேகமாக இல்லவே இல்லை, டாஞ்சென்டில் துளி இருக்கிறது.

‘இதயத்தைக் காப்பாற்றும்’ என்று சொன்ன பிளானில்தான் இதயத்துக்குக் கூடுதல். மூன்று முறை படித்துப் பார்த்தேன்.

செந்தூல்காரர்
வெள்ளி, இரவு 10:05

நானும் மூன்று முறை படித்தேன். ஆனால் 1.1 கூட இருக்கக் கூடாது இல்லையா? ஒவ்வொரு கிரேக்கும் மாரடைப்பு 7.4 சதவீதம் கூடும் என்று படித்தேன். அப்படிப் பார்த்தால் 2.9க்கு 21 சதவீதம். நூற்றில் இருபத்தோரு பேர்! இதற்கு ரேடியோதெரபியே வேண்டாமே.

டோஸ்கணக்கு
சனி, காலை 6:50

இந்த 7.4 என்னிடம் வாராவாரம் வருகிறது. எண் சரி, படித்த விதம் தப்பு.

ஸ்வீடனிலும் டென்மார்க்கிலும் 1958 முதல் 2001 வரை சிகிச்சை பெற்ற 2,168 பெண்களை வைத்து 2013இல் வந்த ஆய்வு அது. சராசரி இதய டோஸ் ஒரு கிரே ஏறினால் பெரிய இதயக் கோளாறு 7.4 சதவீதம் கூடுகிறது, இதற்குக் கீழே பயமில்லை என்று ஒரு கோடு கிடையாது. எதன் மேல் 7.4? அவரவருக்கு ஏற்கெனவே இருக்கிற ஆபத்தின் மேல். ஒருவருக்குக் கதிரே இல்லாமல் நூற்றுக்கு 5 பேர் கணக்கில் ஆபத்து என்று வையுங்கள். 2.9 கிரே கொடுத்தால் அந்த 5, ஏறக்குறைய 6.1 ஆகும். 1.1 கொடுத்தால் 5.4. நூற்றில் இருபத்தோரு பேர் இல்லை, நூற்றில் ஒருவர். மூச்சுப் பிடித்தால் அரை ஆளுக்கும் குறைவு.

மறுபக்கத் தராசையும் பாருங்கள். மார்பைக் காப்பாற்றிய ஆபரேஷனுக்குப் பிறகு கதிர் கொடுத்ததையும் கொடுக்காததையும் ஒப்பிட்ட 17 ஆய்வுகளை, 10,801 பெண்களை, சேர்த்து 2011இல் கணக்குப் போட்டார்கள். பத்து வருடத்தில் நோய் திரும்பியது கதிர் இல்லாமல் 35 சதவீதம், கதிரோடு 19.3. பதினைந்து வருடத்தில் மார்பகப் புற்றால் இறந்தவர்கள் 25.2, கதிரோடு 21.4. பழைய காலத்து நோயாளிகள், இன்றைக்கு அம்மா மாதிரிச் சின்னக் கட்டிக்கு ஆபத்து இதைவிடக் குறைவு. ஆனாலும் தராசு எந்தப் பக்கம் சாய்கிறது என்பது தெரிகிறதல்லவா?

அடிப்படை ஆபத்து அம்மாவுக்கு 5ஆ 15ஆ என்பதைச் சர்க்கரையும் பிரஷரும் கொலஸ்ட்ராலும்தான் தீர்மானிக்கும். தம்பி, அம்மாவுக்குச் சர்க்கரை இருக்கிறதா?

நியாயத்துக்கு ஒன்று. அந்த விமேட் பிளானையும் மூச்சுப் பிடித்துப் போட்டிருந்தால் 4.2 இறங்கியிருக்கும். வளைவைச் சின்னதாக வெட்டி, டாஞ்சென்ட் திசையை ஒட்டியே ஓட்டினால் வலது மார்பும் இறங்கும். கைதேர்ந்தவர்கள் அப்படித்தான் போடுவார்கள். ஒப்பிட்டது முறையை மட்டுமில்லை, போட்டவர் கையையும்தான். இன்னொன்று: டாஞ்சென்டில் தோலுக்கு வெளியே காற்றில் இரண்டு செ.மீ. திறந்து வைப்போம். மூச்சில் அசைந்தாலும் நடுவில் மார்பு வீங்கினாலும் கற்றைக்கு வெளியே போகாது. விமேட்டில் அந்த இடத்தைக் கவனமெடுத்துத் தனியாக உருவாக்க வேண்டும்.

பிறைக்கரை
சனி, காலை 11:30

சர்க்கரை இருக்கிறது. எட்டு வருடம். மாத்திரையை மறந்துவிட்டு மாலையில் கோப்பி-ஓவோடு (கடுங்காப்பி) கூயே (இனிப்புப் பலகாரம்) சாப்பிடும் ரகம். இன்றைக்கு உங்கள் பதிவை வாசித்துக் காட்டினேன். ஒன்றும் பேசவில்லை, கூயேயைப் பேத்திக்குக் கொடுத்துவிட்டார்.

ஃபீல்டு-இன்-ஃபீல்டு, மூச்சுப் பிடித்து. முடிவு செய்துவிட்டோம். அண்ணனும் சரி என்றுவிட்டார், ஆனால் மிச்சமாகும் பணத்தை அம்மா பேரில் போடச் சொல்கிறார்.

கடல்பாலம்
சனி, மதியம் 12:10

நல்ல முடிவு. பிறை ஊரிலிருந்து தீவுக்குப் பதினைந்து நாள் பாலத்தைத் தாண்ட வேண்டுமே, ஐந்தே நாளில் முடிப்பது வந்திருக்கிறதாமே? அதைக் கேட்டீர்களா?

டோஸ்கணக்கு
சனி, மதியம் 12:45

இருக்கிறது. 26 கிரே, 5 தடவை, ஒரே வாரம். இங்கிலாந்தில் 4,096 பேரில் ஒப்பிட்டு 2020இல் வெளியிட்டார்கள். 40 கிரே 15 தடவைக்குச் சளைத்ததில்லை. அந்த 40ம் ஒரு காலத்தில் 50 கிரே 25 தடவை இருந்த இடத்தைப் பிடித்ததுதான். எண் சின்னதென்றால் மருந்து குறைவென்று நினைக்க வேண்டாம், ஒரு தடவைக்குக் கொடுக்கும் அளவு பெரிது. கட்டி இருந்த இடத்துக்குத் தனியாக பூஸ்ட், அதாவது கூடுதல் கதிர், வேண்டுமா என்பதைப் பொறுத்து டாக்டர் சொல்வார்.

பிறைக்கரை
சனி, மதியம் 1:15

கேட்டேன் அக்கா. அங்கே இப்போதைக்கு 15தான் வழக்கமாம். பரவாயில்லை, காலை ஏழு மணி ஸ்லாட் கிடைத்தது, பாலம் அடைபடுவதற்குள் கடந்துவிடலாம்.

பிறைக்கரை
மூன்று வாரம் கழித்து, புதன், இரவு 8:50

நேற்று மூன்றாவது நாள் முடிந்தது. முதல் நாள் பதறித்தான் போனார், இரண்டு முறை கோடு தாண்டிவிட்டதாம். இரண்டாம் நாள் உள்ளே இருந்த மலாய்க்காரத் தெரபிஸ்ட் பெண் மைக்கில், “அம்மா, மூச்சு இளுங்க… புடிங்க…” என்றிருக்கிறார். யாரிடமோ கேட்டு எழுதி வைத்திருக்கிறார் போலும். அம்மாவுக்குச் சிரிப்பு வந்து அந்த மூச்சும் வீணாம். மூன்றாம் நாள் ஐந்து மூச்சும் சரி.

ஒரு சந்தேகம். அடுத்த வாரம் தைப்பூசம், அன்றைக்கு லீவு. ஒரு நாள் விட்டுப்போனால் பரவாயில்லையா? அம்மா இந்த வருடம் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் பால்குடம் எடுக்க வேண்டும் என்கிறார்.

ஷிஃப்ட்_இரண்டு
புதன், இரவு 11:40

ஒரு நாள் லீவுக்குப் பயப்பட வேண்டாம், கடைசியில் ஒரு நாள் சேர்ந்துகொள்ளும். நீங்களாக இன்னொரு நாளும் சேர்த்து லீவு போட்டுவிடாதீர்கள், அவ்வளவுதான்.

பால்குடம் இந்த வருடம் வேண்டாம். ஆபரேஷன் ஆன பக்கத்துக் கையைத் தூக்கிப் பிடித்தபடி அத்தனை படி, வெயில், மார்புக்கடியில் வியர்வை. புள்ளி குத்திய இடத்தில் விபூதி, சந்தனம், பவுடர் ஒன்றும் பூச வேண்டாம். விடியற்காலையில் கூட்டிக்கொண்டு போய்க் கீழேயே தேங்காய் உடைக்கச் சொல்லுங்கள், வலது கையால். பருத்தி ரவிக்கை, உள்ளே கம்பி வைத்தது எதுவும் வேண்டாம். தண்ணீர்ப்பந்தலில் கொடுக்கும் ரோஸ் சிரப்பையும் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள், சர்க்கரை.